ஒன்பது நீலத் தாள்கள்

மதியம் 1.15.

நர்ஸ் பயிற்சி அறைக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் சாப்பாட்டுப் பொட்டலம்.

"இப்பவாவது ரெண்டு வாய் சாப்பிடுங்க, வெறும் டீயைக் குடிச்சுக்கிட்டு..."

பேச்சு பாதியில் நின்றது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. மேசைக்கும் சுவருக்கும் நடுவில் சர்வே அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. பக்கத்தில் டீக்கோப்பை உடையாமல் உருண்டு கிடந்தது. நர்ஸ் பொட்டலத்தைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். மூச்சு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நெஞ்சு பதறும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

தொழிலாளர் துறையிலிருந்து அன்று காலைதான் அந்தத் துணி ஆலைக்குள் வந்திருந்தாள் அவள். புள்ளிவிவர அதிகாரி என்பது அட்டையில் இருந்த பதவி. வந்த ஒரு மணி நேரத்தில் தொழிலாளர்கள் அவளை சர்வே அக்கா ஆக்கிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் சாயப் பிரிவுத் தொழிலாளி ஒருவர் இருமி இருமியே இறந்துபோனார். அதன் பிறகுதான் இந்தக் கணக்கெடுப்பு. அறுபது பேர், பெயர் எழுதாத தாள், கட்டத்தில் டிக். அவ்வளவுதான் வேலை.

அதை முடித்துவிட்டுத்தான் இப்படிக் கிடந்தாள்.

மதியம் 2.10.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது கேட்டருகே இருந்த கரும்பலகையை. வெட்டு 160. தையல் 640. சாயம் 240. பொதி 160. மொத்தம் 1200.

"இது என்ன கணக்கு?" என்றாள் காவலாளியிடம்.

"உள்ள இருக்கிற ஆள்கணக்கும்மா. தீப்பிடிச்சா வெளிய எத்தனை பேரை எண்ணணும்னு தெரியணுமில்ல? இன்னிக்குக் காலைல ஷிப்டு புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்."

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். பின்னால் ஏட்டு வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா, எதிலும் மை இருக்காது.

பயிற்சி அறை நீளமானது. நான்கு வரிசை மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் நூலில் கட்டிய பேனா. சன்னலோர வரிசையில் மட்டும் மேசை விளிம்பெல்லாம் சிவப்பும் கருநீலமுமாக விரல் தடங்கள். முன்னால் ஓர் இரும்புப் பெட்டி, மேலே தாள் போடுவதற்கு ஒரு கீறல், முகப்பில் புதுப் பூட்டு. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

"சாவி?"

நர்ஸ் உள்ளங்கையை விரித்தாள். அடையாள அட்டைக் கயிற்றில் முடிந்த சின்னச் சாவி. "அவங்க கழுத்துல இருந்துச்சு மேடம். மூச்சு விடறதுக்காகக் கழட்டினேன். அதுலேர்ந்து என் கையைவிட்டு இறங்கல."

"உக்காருங்க. நடுங்காம சொல்லுங்க. டீ யார் கொண்டுவந்தது?"

"நான்தான்." அவள் கண் நிறைந்தது. "கேன்டீன்ல எல்லாருக்கும் போடுற டீ மேடம். பிளாஸ்க்ல வாங்கிட்டு வந்தேன். பன்னெண்டு நாப்பதுக்கு ஊத்திக் கொடுத்துட்டுச் சாப்பிடப் போயிட்டேன்."

"கேன்டீன்லேர்ந்து நேரா இங்கயா?"

"இல்ல. பிஸ்கட் எடுக்க முதலுதவி ரூமுக்குப் போனேன். ஃபைல் சார் தலைவலின்னு வந்து நின்னார். அலமாரியத் திறந்து மாத்திரை கொடுத்தேன். அதுக்குள்ள சாயப் பிரிவுலேர்ந்து ஒருத்தர் விரல்ல வெட்டுன்னு வந்தார். கட்டுப் போட்டேன். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"ஃபைல் சார் யாரு?"

"பர்சனல் ஆபீசர். கக்கத்துல ஃபைல் இல்லாம அவரை யாரும் பார்த்ததில்ல. அதனால..."

"பிளாஸ்க் எங்க?"

"கழுவிட்டாங்க மேடம். ஆம்புலன்ஸ் போன கையோட துப்புரவு அக்கா வந்து கோப்பை, பிளாஸ்க், தரை எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டாங்க. ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சாம்."

ஏட்டு பல்லைக் கடித்தார். இன்ஸ்பெக்டர் சன்னலோர மேசையைத் தொட்டாள். "இந்தக் கறை?"

"சாயப் பிரிவு வரிசை. அவங்க விரல்ல ஊறினது எந்தச் சோப்புக்கும் போகாது. என் ரூம் கதவுக் கைப்பிடிக்கே மூணு நிறம்."

"காலைல இங்க என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க."

நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பிரிவு பிரிவா வந்தாங்க. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத் தாள். வெட்டுக்கு வெள்ளை, தையலுக்கு மஞ்சள், சாயத்துக்கு நீலம், துணியைக் கட்டி அனுப்புற பொதிப் பிரிவுக்கு ரோஸ். ஒருத்தர் எழுந்து கேட்டார், ஆயிரத்து இருநூறு பேர் இருக்கோம், அறுபது பேரைக் கேட்டா போதுமான்னு. அதுக்கு சர்வே அக்கா, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்கல்ல, ஆனா இங்க நாலு பானை இருக்கு, ஒண்ணை மட்டும் தொட்டுப் பார்த்தா மத்தது வெந்துச்சான்னு தெரியாது, பெரிய பானையில அதிகம், சின்னப் பானையில கொஞ்சம், எல்லாத்துலயும் ஒரே விகிதம்னு சொன்னாங்க. ஒவ்வொரு தாளும் இருபது பேருக்காகப் பேசும், பார்த்து டிக் போடுங்கன்னாங்க. அப்பறம் ஒரு சத்தம் இல்ல மேடம். பரீட்சை எழுதுற மாதிரி எழுதினாங்க."

மதியம் 2.30.

சாய மேஸ்திரி உட்கார மறுத்துவிட்டார். கை இரண்டும் முழங்கை வரை கருநீலம்.

"கத்தினீங்களாமே?"

"கத்தினேன். ஆலையே கேட்டிருக்கும். அதுக்கென்ன?"

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிச்சு ஒரு கால் மணி நேரம். வாசல்லயே நின்னு கத்திட்டுப் போயிட்டேன். உள்ள காலு வைக்கல."

"எதுக்குக் கத்தினீங்க?"

"பின்ன என்னங்க? தொட்டி கொதிக்கிற நேரத்துல பன்னெண்டு பேரை ஒரே மூச்சுல இழுத்துட்டுப் போனா, துணிய யார் பொரட்டுறது? ஒரு தொட்டித் துணி திட்டுத் திட்டா நாசமாப் போச்சு. அந்தம்மா என்னடான்னா சிரிச்சுக்கிட்டே, அடுத்த தடவை மெஷின் நிக்கற நேரம் பார்த்துக் கூப்பிடறேண்ணேன்னு சொல்லுது. கோவம் பாதியாயிடுச்சு."

"மேசையில சாயறதைப் பார்த்தீங்களா?"

"இல்ல. கண்ணைக் கசக்கிக்கிட்டு இருந்துச்சு. அலுப்புன்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் குரலை மாற்றாமல் கேட்டாள். "உங்க பிரிவுல புகை இழுக்கிற விசிறி ஓடுதா?"

மேஸ்திரியின் குரல் இறங்கியது. "மூணு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன். ஆபீசுல."

"யார்கிட்ட?"

"ஆபீசுலதாங்க. தாள் போன இடம் எனக்கென்ன தெரியும்?"

அவர் போனதும் ஏட்டு குனிந்தார். "இவருதான் மேடம். கணக்கெடுப்புல பிரிவு நாறிடும்னு பயம். விரல்ல வெட்டுன்னு வந்தது இவரோட ஆள்."

"பயந்தவர் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கணுமே அண்ணே. பெட்டி அப்படியே இருக்கே."

மதியம் 2.40.

ஃபைல் சார் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்தார். கக்கத்தில் நிஜமாகவே ஒரு ஃபைல்.

"பாவம் மேடம். நல்ல பொண்ணு. காலைலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்காம வேலை பார்த்தா மயக்கம் வராம என்ன பண்ணும்?"

"சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க?"

"என் அறையில. தலைவலி. மாத்திரை போட்டுட்டுக் கொஞ்சம் கண்ணை மூடினேன்."

"துப்புரவு அக்காவுக்குப் போன் பண்ணினது?"

"நானாத்தான் இருக்கும். அமளிதுமளி மேடம், யார் யாருக்கோ பேசினேன். வாந்தி கீந்தி கிடந்தா நல்லா இருக்காதேன்னு..." அவர் பெட்டியைப் பார்த்தார். "பெட்டி பத்திரம்தானே? அவங்க உழைப்பு வீணாகக் கூடாது."

"பூட்டு உங்களுதா?"

"பெட்டி, பூட்டு, தாள் பிரதி எடுத்தது எல்லாம் எங்க அலுவலகம். மேலிடத்துக் கடிதம் வந்துச்சு, இருபது பேருக்கு ஒருத்தர் வீதம் எடுக்கப் போறோம், ஒத்துழைங்கன்னு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே பிரிவுவாரியா ஆள்பட்டியல் அனுப்பிட்டோம். யார் யாரை எடுக்கப் போறாங்கன்னு மட்டும் எங்ககிட்ட சொல்லல. குலுக்கிப் போட்டு அவங்களே சீட்டோட பிரிவுக்குள்ள போய்க் கூப்பிட்டாங்க. பூட்டுக்குச் சாவி ஒண்ணுதான். அதை அவங்க கையிலயே கொடுத்துட்டோம்."

"நன்றி. பக்கத்துலயே இருங்க."

மதியம் 2.50.

கைபேசி அதிர்ந்தது. மருத்துவர்.

"மூச்சு இறங்கிக்கிட்டே போகுது. மயக்கம் தர்ற மருந்து ஏதோ உள்ள போயிருக்கு. எந்த வகைன்னு தெரியாம மாற்று மருந்து கொடுத்தா அதுவே எமனாயிடும். ரத்தப் பரிசோதனை முடிவு வர ஏழு மணி ஆகும்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"நாலரை வரைக்கும் நான் பார்த்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. கலந்தவனைப் பிடிங்க, மருந்து பேரைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் கைபேசியை மூடினாள். பிடிப்பது சரி. யாரை? நர்ஸை மிரட்டினால் அழுவாள், மேஸ்திரியை மிரட்டினால் கத்துவார். அழுகையிலும் கத்தலிலும் மருந்தின் பெயர் இருக்காது.

"பெட்டியைத் திறங்கண்ணே."

அறுபது தாள்கள். மேலேயும் கீழேயும் நிறங்கள் கலந்து கிடந்தன. ஏட்டு இரண்டு தடவை எண்ணினார். "அறுபதுக்கு அறுபது. எதுவும் போகல மேடம். தப்பிச்சோம்."

அவள் மேசைமேல் குனிந்தாள். தாள்களைப் பரப்பினாள். விசிறி ஓடுகிறதா, ஆம். முகமூடி தருகிறார்களா, ஆம். இருமல், கண்ணெரிச்சல், இல்லை, இல்லை. ஒன்றிரண்டில் போனால் போகிறது என்று ஒரு குறை. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று நான்கு வரி இடம் விட்டிருந்தது. அறுபதிலும் அந்த இடம் காலி.

"அறுபது பேர்ல ஒருத்தருக்குக் கூடவா வாய் திறக்க மனசு வரல?"

"பயம் மேடம்."

"சரி, பயம். இதைப் பாருங்க." நீலத் தாள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். பனிபோல் சுத்தமாக இருந்தது. இன்னொன்று. அதுவும் சுத்தம். "அந்த மேசையையே சாயம் அடிச்சுட்டுப் போனவங்க, தாளை மட்டும் தொடாமலேயா எழுதினாங்க?"

ஏட்டுவின் முகம் மாறியது. "மாத்திட்டான்."

"பூட்டை உடைக்காம, சாவி அவங்க கழுத்துல இருக்கும்போதே மாத்திட்டான். புதுப் பூட்டு வாங்கினா எத்தனை சாவிண்ணே வரும்?"

"ரெண்டு. சிலதுல மூணு."

"ஒண்ணுதான்னு சொன்னார் ஒருத்தர். ஆனா இன்னொரு சாவி ஆபீஸ் மேசையிலயே கிடந்திருந்தா யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். மேஸ்திரி, மேனேஜர், யாரும். இது பத்தாது." அவள் தாள்களை நிறம் நிறமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். "வெள்ளை எட்டு. மஞ்சள் முப்பத்திரண்டு. நீலம் ஒன்பது. ரோஸ் பதினொண்ணு."

"கூட்டினா அறுபது. சரிதானே?"

"கூட்டினா சரி. வகுத்தா?"

"எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் மேடம்."

"எனக்கும்தான். ஆனா இது கடினமில்ல. ஆயிரத்து இருநூறு பேருக்கு அறுபது. அப்படின்னா இருபதுக்கு ஒண்ணு. வெட்டுல நூத்தி அறுபது பேர், இருபதால வகுத்தா எட்டு. வெள்ளை எட்டு இருக்கு. தையல்ல அறுநூத்தி நாப்பது, முப்பத்திரண்டு. மஞ்சளும் இருக்கு. சாயத்துல கேட்டுல போட்டிருந்தது இருநூத்தி நாப்பது..."

ஏட்டு விரலை மடக்கினார். "பன்னெண்டு. ஆனா இங்க ஒன்பது!"

"பொதியில எட்டு இருக்கணும். பதினொண்ணு இருக்கு."

"அவசரத்துல தப்பா அடுக்கிட்டான்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்." அவள் ஒன்பதையும் பதினொன்றையும் தன் உள்ளங்கையில் எழுதினாள். இருபதால் திருப்பிப் பெருக்கினாள். வந்த இரண்டு எண்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையை மூடிக்கொண்டாள்.

"மணி என்ன?"

"மூணு பத்து."

"எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாங்க. மேனேஜரையும். ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுங்க."

மதியம் 3.25.

மேனேஜர் காலையிலிருந்து வெளியூர் வியாபாரிகளோடு இருந்தவர், டை தளர்ந்து வந்து நின்றார். நர்ஸ் ஓரமாக. மேஸ்திரி கதவருகே. ஃபைல் சார் நடு வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் இன்ஸ்பெக்டர். "இந்தத் தாள் எல்லாம் சரியா இருக்கான்னு எனக்குச் சரிபார்க்கணும். இன்னிக்கு ஒவ்வொரு பிரிவுலயும் எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க? அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க. பக்கத்துத் தாளைப் பார்க்க வேண்டாம்."

"இதுக்கும் விஷத்துக்கும்..." என்று தொடங்கினார் மேனேஜர்.

"எழுதுங்க சார். அங்க ஒரு உயிர் ஊசலாடுது."

நர்ஸ் எழுதினாள். சாயப் பிரிவு இருநூற்று நாற்பது; மாதாமாதம் முகமூடி எண்ணித் தருபவள் அவள்தான். மேஸ்திரியும் இருநூற்று நாற்பது. மேனேஜர் யோசித்து யோசித்து 'சாயம் சுமார் 240, பொதி சுமார் 160' என்று எழுதினார்.

ஃபைல் சார் எழுதவில்லை. ஃபைலைத் திறந்து அச்சடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். முகத்தில் ஓர் அடக்கமான பெருமிதம். "ஞாபகத்துல சொல்றது எனக்குப் பழக்கமில்ல மேடம். இது இன்னிய தேதிக்குப் பதிவு. வெட்டு நூத்தி அறுபது, தையல் அறுநூத்தி நாப்பது, சாயம் நூத்தி எண்பது, பொதி இருநூத்தி இருபது. இருபதால வகுத்துப் பாருங்க. பெட்டியில இருக்கிறதோட அட்சரம் பிசகாது."

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி ஒரு முறை படித்தாள்.

"பிசகல" என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "எட்டு, முப்பத்திரண்டு, ஒன்பது, பதினொண்ணு. பெட்டிக்குள்ள எந்த நிறம் எத்தனைன்னு நான் இன்னும் வெளிய சொல்லலையே சார். எப்படித் தெரிஞ்சுது?"

ஃபைல் சார் ஃபைலை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "விகிதம்னா... அப்படித்தானே வரணும்?"

மேனேஜர் அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "நூத்தி எண்பதா? சாயத்துலேர்ந்து அறுபது பேரை எப்போய்யா மாத்தினீங்க?"

"நேத்து சாயங்காலம் பதிவு போட்டேன் சார். நிர்வாக வசதிக்காக. இன்னிக்கு ஷிப்டு முடியும்போது உங்ககிட்ட கையெழுத்து வாங்கி..."

"அப்போ இன்னிக்குக் காலைல இந்த ஆலையில யாருக்கும் இது தெரியாது" என்றாள் இன்ஸ்பெக்டர். "கேட் காவலாளிக்குத் தெரியாது. நீங்க இடம் மாத்தின அறுபது பேரையும் வச்சு வேலை வாங்குற மேஸ்திரிக்குத் தெரியாது. மேனேஜருக்குத் தெரியாது. ஏன், அந்த அறுபது பேருக்கே தெரியாது. உங்க கம்ப்யூட்டருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். பெட்டிக்குள்ள இருக்கிற பொய்த் தாளுக்கும் அது தெரிஞ்சிருக்கு."

"நான்தான் அந்த அம்மாவுக்குப் புதுப் பட்டியல் கொடுத்தேன்!" ஃபைல் சாரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "காலைல கொடுத்தேன். அதை வச்சுத்தான் அவங்க ஆளைப் பிரிச்சாங்க."

"மேஸ்திரி" என்றாள் அவள், ஃபைல் சாரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "காலைல உங்க தொட்டியிலேர்ந்து எத்தனை பேரை இழுத்துட்டுப் போனாங்க?"

"பன்னெண்டு பேருங்க. அதுக்குத்தானே நான் தொண்டை கிழியக் கத்தினேன்."

"பன்னெண்டு பேர் வந்து எழுதியிருக்காங்க. பெட்டியில ஒன்பது நீலம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நீங்க அனுப்பின பழைய பட்டியலை வச்சு அந்தம்மா சரியாப் பிரிச்சாங்க. நீங்க நேத்து திரையில இருந்ததைப் பார்த்துச் சரியாப் பிரிச்சீங்க. ரெண்டு பேரும் கணக்குல தப்புப் பண்ணல. ஆனா ரெண்டும் ஒரே ஆலையோட கணக்கு இல்ல."

மேனேஜர் கையில் இருந்த தாளின் பின்பக்கம் இடமாற்றப் பட்டியல் இருந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். விரலால் பெயர்களைத் தடவிக்கொண்டே போனாள். "மேடம்... இவங்க எல்லாரும் என் இருமல் புத்தகத்துல இருக்கிறவங்க. அறுபது பேரும். போன வாரம்தான் அந்தப் புத்தகத்தைப் பார்க்கணும்னு வாங்கிட்டுப் போனார்."

மேஸ்திரி ஓர் அடி முன்னால் வந்தார். ஏட்டு குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"நோயாளிங்களைப் பொதிக்குள்ள ஒளிச்சு வச்சுட்டா, நாளைக்கு டாக்டர் வந்து சோதிச்சாலும் சாயப் பிரிவு சுகமா இருக்கும். அதானே?" இன்ஸ்பெக்டர் அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதெல்லாம் நாளைக்குப் பேசலாம் சார். கோர்ட்டுல பேசலாம். இப்ப மணி மூணு நாப்பது. நர்ஸ் அலமாரிப் பக்கம் திரும்பின நேரத்துல பிளாஸ்க்ல என்ன போட்டீங்க?"

ஃபைல் சார் ஃபைலை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அந்தம்மா பொழைச்சுக்கிட்டா உங்க வழக்கு வேற. போயிட்டாங்கன்னா கொலை. ரெண்டுக்கும் நடுவுல நீங்க சொல்ற ஒரு பேர்தான் இருக்கு."

ஃபைல் சார் தரையைப் பார்த்தார். கக்கத்திலிருந்து ஃபைல் நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. மூன்று நாற்பத்தி இரண்டு. மூன்று நாற்பத்தி மூன்று.

"தூங்க வைக்கத்தான் பார்த்தேன்" என்றார் கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது. "பத்து நிமிஷம். தாளை மாத்தற நேரம். சாப்பிடாத வயித்துல இப்படிப் பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியில இருந்த தாளை எண்ணிப் பார்க்கக் கூட நேரமில்ல, யாராவது வந்துடுவாங்கன்னு அதை அள்ளிக்கிட்டு என் தாளைப் போட்டுட்டு வந்துட்டேன்."

"பேர்."

"என் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்தது. எட்டு மாத்திரை. பொடி பண்ணி..."

"பேரு சார்!"

சொன்னார். நர்ஸ் காத்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கையிலிருந்து கைபேசியைப் பறித்து மருத்துவருக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னாள். இரண்டு தடவை. அந்தப் பக்கம் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவும் மூணு தாளுக்காகவாய்யா?"

"அறுபதையும் மாத்தினார்" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஆனா காட்டிக் கொடுத்தது மூணு. ஒவ்வொண்ணும் இருபது பேர் சார். கணக்குப் போட்டுக்குங்க."

மாலை 4.20.

அசல் தாள்கள் ஃபைல் சாரின் மேசை இழுப்பறையிலேயே இருந்தன, இடமாற்ற ஆணைக்கு அடியில். எரிக்க நேரம் கிடைக்கவில்லை. கிழித்துப் போட ஆலையில் குப்பைக்கூடைக்கும் கண்ணுண்டு என்று பயந்திருக்கிறார். மேஸ்திரி எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களும் அங்கேதான் கிடந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் 'பார்க்கப்பட்டது' என்று ஃபைல் சாரின் கையெழுத்து. விசிறி பழுது பார்க்காமல் போனது மேலிடத்துக்குத் தெரிந்தால் முதலில் போவது தன் வேலைதான் என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எண்ணினாள். எட்டு, முப்பத்திரண்டு, பன்னிரண்டு, எட்டு. நீலத் தாள் பன்னிரண்டும் விரல் தடமாக இருந்தன. விசிறி ஓடுகிறதா என்ற கேள்விக்குப் பத்துப் பேர் 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்தார். உதடு அசைய மனதுக்குள் பெருக்கினார். இருநூறு பேர்.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் சாயப் பிரிவின் இரைச்சல் ஒவ்வொரு இயந்திரமாக அடங்கியது. ஆட்கள் வரிசையாக வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். சிலர் இருமினார்கள். எதற்கு நிறுத்தினார்கள் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மாலை 5.35.

மருத்துவர் கூப்பிட்டார். "கண்ணைத் திறந்துட்டாங்க. பேச்சு இன்னும் குழறுது. ஆனா கேக்கற கேள்வி ஒண்ணுதான், தாள் பத்திரமான்னு."

"பத்திரம்னு சொல்லுங்க டாக்டர். அறுபதும்."

நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி அவள் பக்கத்தில் வந்து நின்றார். "எழுந்திரும்மா, போய் ஏதாவது சாப்பிடு. மணி ஆறாகப் போகுது" என்றார்.

ஏட்டு தாள்களை உறையில் போட்டு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். நீலத் தாள் ஒன்றில் கை நின்றது. அடியிலிருந்த நான்கு வரியும் நிரம்பி, ஓரத்திலும் ஏறியிருந்தது. எழுத்து இடது பக்கம் சாய்ந்து, மேடு பள்ளமாக இருந்தது. சத்தமாகப் படித்தார்.

"செத்துப்போனவர் எனக்குப் பக்கத்துத் தொட்டி. அவர் இருமினப்ப நான் சிரிச்சிருக்கேன், கிண்டல் பண்ணியிருக்கேன். இப்ப எனக்கும் ராத்திரியில அதே இருமல் வருது. வீட்டுல சொல்லல. சொன்னா வேலைக்குப் போகாதேம்பாங்க. பேர் எழுத வேண்டாம்னு சொன்னதால எழுதறேன்."

ஏட்டு நிமிர்ந்தார். "பன்னெண்டு பேர்தான் மேடம். இடக்கைக்காரர் மாதிரி தெரியுது. பத்து நிமிஷத்துல ஆளைக் கண்டுபிடிச்சுடலாம். சாட்சிக்கு உதவும்."

வெளியே சாயப் பிரிவு ஆட்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சன்னல் வழியாக அவர்களைப் பார்த்தாள். யாரோ ஒருவர் முதுகைத் தட்டிக் கொடுக்க, இன்னொருவர் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நாளைக்கு டாக்டரை வரச் சொல்லுங்கண்ணே. இருநூத்தி நாப்பது பேரையும் பார்க்கணும், ஒருத்தர் விடாம."

"இவரை?"

"இவர் பேரைச் சொல்ல விரும்பல" என்றாள் இன்ஸ்பெக்டர். "உறையை மூடுங்க."